ஜெர்மனிக்குப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: சனி ஞாயிறு பற்றிய கேள்விகளும் பதில்களும்

எனக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டை ஒட்டிய எஸ்லிங்கன் என்ற ஊரில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது கோயமுத்தூரில் இருக்கிறேன். (எஸ்லிங்கனும் கோவையும் சகோதர நகரங்கள் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அங்கே போன பிறகுதான் எனக்கே தெரியும்.) ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கமிருந்து படிக்கவோ வேலைக்கோ கிளம்பும் பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களும் போன் செய்து கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். விசாவையும் வங்கிக் கணக்கையும் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். "லீவு நாள்ல அங்க என்னங்க பண்றது?" என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. அதற்காகத்தான் இது.

படிக்கத்தானுங்க அனுப்பறோம். பொழுதுபோக்கெல்லாம் எதுக்கு?

இது அம்மாக்கள் கேட்பது. நம் ஊரில் பொழுதுபோக்கு என்று ஒன்றைத் தனியாக யாரும் தேடிப் போவதில்லை, அதுவே வீடு தேடி வரும். மாரியம்மன் கோயில் நோம்பி வரும், பங்காளி வீட்டில் சீர் இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று யாராவது வந்து கூப்பிடுவார்கள். ஒன்றுமில்லை என்றால் தோட்டத்துக்குப் போய் அப்புச்சியோடு கட்டிலில் உட்கார்ந்தாலே பொழுது போய்விடும். அங்கே கூப்பிட ஆள் கிடையாது. நான் போன முதல் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. கடை இல்லை, தெருவில் ஆள் இல்லை. கழுவிய தட்டையே இன்னொரு தடவை கழுவிக்கொண்டிருந்தேன். அன்று நாள் முழுக்க நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது ராத்திரி வீட்டுக்குப் போன் செய்தபோது தொண்டை கரகரத்ததில்தான் தெரிந்தது. இப்படி நாலு மாதம் போனால் படிப்பும் சேர்ந்தே படுத்துவிடும். அதனால் இதையும் ஒரு பாடம் மாதிரி எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

இரண்டு வார்த்தைகளைப் போவதற்கு முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்று ஃபெரைன், அதாவது சங்கம். மலை நடை, மேசைப் பந்து, சதுரங்கம், கோரஸ் பாட்டு, தேனீ வளர்ப்பு, பழைய ரயில் எஞ்சின் பராமரிப்பு என்று எதை எடுத்தாலும் அதற்கு ஒரு பதிவு பெற்ற சங்கம் இருக்கும். அப்படிப் பதிவானவை நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேல். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். இன்னொன்று ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே. ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் உள்ள பொதுமக்கள் கல்வி நிலையம் இது. தையல், மண்பாண்டம், கிட்டார், நீச்சல், ஜெர்மன் மொழி எல்லாம் தனியார் வகுப்புகளைவிடக் குறைந்த கட்டணத்தில் அங்கே கிடைக்கும்.

நான் போய்ச் சேர்ந்தது மலை நடைச் சங்கத்தில். ஷ்வேபிஷ் ஆல்ப் என்ற மலைத்தொடரில் நடப்பவர்களின் சங்கம், 1888ல் தொடங்கியது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற ஊர்க்காரனுக்கு நடை ஒரு பெரிய விஷயமா என்ற மிதப்பில்தான் போனேன். என்னைத் தவிர எல்லோரும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். முதல் மேட்டிலேயே அவர்கள் முன்னால் போய்விட்டார்கள், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் முறை போனபோது வீட்டில் தட்டிய ஒப்புட்டு பன்னிரண்டு எடுத்துப் போனேன். ஒரு அம்மா ஒன்றைப் பிட்டு, உள்ளே இருந்த பூரணத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பருப்பா? பருப்பில் இனிப்பா?" என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த மாதம் அவர் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். அந்த நாட்டில் ஒரு வீட்டுக்குள் நுழைய எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, கதவைத் திறந்தது அந்த ஒப்புட்டுதான்.

ஒரு எச்சரிக்கை. சங்கம் என்றால் சந்தா கட்டிவிட்டுச் சும்மா வந்து போகிற இடம் இல்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலி மடக்க வேண்டும், விழாவுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "பாக்கலாம்" என்று நம் ஊரில் சொல்வது போலச் சொல்லிவிட்டு வராமல் இருந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

ஜெர்மன் சரியாக வராதே?

வராதுதான். அங்கே போனால்தான் வரும். ஒரு சின்ன விஷயம்: நாம் எல்லாரிடமும் 'ங்க' போட்டுப் பேசுவது போல அவர்களும் 'ஸீ' என்று மரியாதையாகப் பேசுவார்கள். சங்கத்துக்குள் மட்டும் பெரும்பாலும் 'டூ', அதாவது 'நீ'. எழுபது வயதுக்காரரை நீ என்று கூப்பிட எனக்கு நாக்கு கூசியது. பழகிவிடும்.

ஊர் சுற்ற நிறையச் செலவாகுமா?

மாதத்துக்கு ஒரு சீட்டு எடுத்தால் போதும். டாய்ச்லான்ட் டிக்கெட் என்று பெயர். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025ல் 58 ஆக்கினார்கள், 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் இது செல்லும். வேக ரயில்களான ஐசிஇ, ஐசி இரண்டிலும் செல்லாது. இது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தா என்பதை மறந்துவிடாதீர்கள். நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு இரண்டு மாதம் லீவில் வந்துவிட்டு, இரண்டு மாதப் பணத்தையும் விட்ட பிள்ளைகள் உண்டு. மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் சலுகை விலையில் கிடைக்கும். சேரும்போதே கேளுங்கள்.

இந்த ஒரே சீட்டில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும் போகலாம். உல்ம் ஊருக்குப் போனால் 161.5 மீட்டர் உயரக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம் இருக்கிறது, உச்சியை ஒட்டிய பார்வை மாடம் வரை 768 படி. சென்னிமலையில் 1,320 படி ஏறிய கால் இதற்கெல்லாம் அசராது. ஆனால் இந்தப் படி சுற்றிச் சுற்றிப் போகும், தலை கிறுகிறுக்கும்.

மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஷ்டுட்கார்ட் ஊருக்குள்ளேயே பல்சக்கர ரயில் ஓடுகிறது. மாரியன்பிளாட்ஸ் என்ற இடத்திலிருந்து டேகர்லோக் மேட்டுக்கு ஏறுகிறது, ஊர்க்காரர்கள் செல்லமாக 'ட்ஸாக்கெ' என்பார்கள். 1884ல் ஓடத் தொடங்கியது. நம் மலை ரயில் குன்னூரைத் தொட்டது 1899ல், ஆக இது அதற்குப் பதினைந்து வருடம் மூத்தது. முன்னால் சைக்கிள் ஏற்ற ஒரு தனி வண்டி மாட்டியிருப்பார்கள். நம் ரயிலில் ஊட்டிக்குப் போக டிக்கெட் எடுப்பது குதிரைக் கொம்பு. இங்கே அந்த மாதச் சீட்டோடு ஏறி உட்கார்ந்துவிடலாம். நடுவில் பல் வைத்த தண்டவாளத்தைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் நாலு தடவை ஏறி இறங்கினேன்.

வெளியே போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கட்டுச்சோறுதான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்தில் உள்ள கடை, பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடை, அவ்வளவுதான். மலைமேல் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும், குளிர் நாட்டில் மூன்று நாளும் தாங்கும். தண்ணீர் பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் விலையோடு சேர்த்து வாங்கியிருப்பார்கள், கடையிலுள்ள மெஷினில் போட்டால் அந்தக் காசு திரும்பி வரும். நாலு பாட்டிலுக்கு ஒரு யூரோ.

ஆற்றில் தூண்டில் போடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டியவன் நான். கீழ்பவானி வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெண்டையும் ஜிலேபியும் பிடித்து வளர்ந்தவன். இரண்டாம் வருடக் கோடையில் ஒரு கடையில் தூண்டிலும் நரம்பும் வாங்கினேன். விற்றவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனந்தமாக நெக்கார் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு தாத்தா வந்து, "அட்டை இருக்கிறதா?" என்றார். நான் பெருமையாக ரயில் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "சுற்றி உள்ளே வை. இதை வேறு யாராவது பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள்" என்றார்.

விஷயம் இதுதான். மீன் பிடிக்க முதலில் மீன்பிடி உரிமம் வேண்டும், அதற்கு வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். மீன் வகைகள், அளவு, எந்த மாதத்தில் எதைப் பிடிக்கக் கூடாது, வலிக்காமல் எப்படிக் கொல்வது எல்லாம் கேட்பார்கள். அப்புறம் அந்தக் குறிப்பிட்ட ஆற்றுக்கோ ஏரிக்கோ தனிச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பிடித்தால் குற்றவியல் சட்டப்படி மீன் திருட்டு. அபராதம் மட்டுமில்லை, இரண்டு வருடம் வரை சிறை விதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. விசாவில் இருப்பவருக்கு இந்த வம்பு வேண்டாம். "பிடிச்சுட்டு விட்டுடறேனுங்க" என்றும் சொல்ல முடியாது. திரும்ப விடுவதற்காகவே மீன் பிடிப்பது பிராணியை வீணாக வதைப்பது என்பது அவர்கள் கணக்கு. வடக்கே மெக்லன்பர்க்-ஃபோர்பொமர்ன் மாநிலத்தில் தேர்வு எழுதாமலே 28 நாள் உரிமம் வாங்கலாம். கடலும் ஏரியுமாக இருக்கும் ஊர், ஆசை அடங்காவிட்டால் லீவில் அங்கே போய் வாருங்கள்.

கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவன் நான். அங்கே நீந்த முடியுமா?

தாராளமாக. கோடையில் திறந்தவெளிக் குளங்கள் மே மாதம் வாக்கில் திறக்கும். ஆனால் கிணற்று மேட்டிலிருந்து சொர்க் என்று குதிக்கிற பழக்கத்தை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். "ஓரத்திலிருந்து குதிக்கக் கூடாது" என்ற பலகை இல்லாத குளத்தை நான் பார்த்ததில்லை. இறங்குமுன் குளிக்க வேண்டும், நீச்சல் உடை வேண்டும், அரை டவுசர் பனியனோடு இறங்கினால் விசில் அடிப்பார்கள். ஏரித் தண்ணீர் மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் ஓராள் ஆழத்தில் பனிக்கட்டியாக இருக்கும். ரைன் ஆற்றில் இறங்கவே வேண்டாம். கொடிவேரியில் குளிப்பது மாதிரி அது கிடையாது. சரக்குக் கப்பல் போகிற ஆறு, அது போன பிறகு வரும் இழுப்பில் நல்ல நீச்சல்காரரும் போய்விடுவார்.

மண்ணைத் தொடாமல் இருக்க முடியவில்லை. ஒரு பாத்தி போட இடம் கிடைக்குமா?

தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஊர் ஓரத்தில் க்லைன்கார்டன் என்று சின்னச் சின்னத் தோட்டங்களைக் குத்தகைக்கு விடுவார்கள், அதற்கும் சங்கம்தான். சட்டப்படி ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது நம் கணக்கில் பத்து சென்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. குடிசை 24 சதுர மீட்டர் வரை கட்டிக்கொள்ளலாம், அதில் குடியிருக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு இடத்திலாவது காயும் பழமும் விளைய வேண்டும். வெறும் புல்லை வளர்த்து நாற்காலி போட்டால் கேள்வி வரும். பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீளும். அதனால் தோட்டம் வைத்திருக்கும் வயதானவர் யாருக்காவது உதவிக்குப் போங்கள், ஒரு மூலையைக் கொடுப்பார்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

நாம் ஆடிப்பட்டம் பார்ப்பது போல அவர்கள் பார்ப்பது மே 11 முதல் 15 வரை. பனிப் புனிதர்கள் என்று அந்த நாட்களுக்குப் பெயர். அது தாண்டாமல் தக்காளி நாற்றை வெளியே வைக்க மாட்டார்கள். நான் ஏப்ரல் வெயிலை நம்பி மிளகாயும் கத்தரியும் நட்டேன், ஒரே ராத்திரிப் பனியில் எல்லாம் வேக வைத்த கீரை மாதிரி துவண்டு கிடந்தது. வெந்தயக்கீரை நன்றாக வரும், பீன்ஸ் வரும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். முருங்கைக்கு ஆசைப்படாதீர்கள்.

பொண்ணு தனியா மலை ஏறப் போறேங்கறா. அனுப்பலாமுங்களா?

தனியாக நடக்கும் பெண்களை அங்கே வழியெல்லாம் பார்க்கலாம். பாதை நெடுக அடையாளக் குறி போட்டிருப்பார்கள். எந்த வழியில் போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று ஒரு தோழியிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். அவசர எண் 112. கடைசி ரயில் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு மலையைப் பிறகு பார்க்கச் சொல்லுங்கள், அந்த ரயிலும் சில நாள் ரத்தாகும்.

உண்மையில் பயப்பட வேண்டியது உண்ணிக்குத்தான். மாட்டின் மேல் பார்க்கிறோமே, அது மாதிரிதான். புல் வழியாகக் காலில் ஏறும். அங்கே அது மூளைக்காய்ச்சலையும் லைம் என்ற நோயையும் பரப்பும். தெற்கு ஜெர்மனியில் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடச் சொல்வார்கள், மூன்று தவணை. லைம் நோய்க்குத் தடுப்பூசி இல்லாததால் வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும்.

தீபாவளிக்குப் பட்டாசு?

முடியாது. பொதுமக்கள் பட்டாசு வெடிக்கலாம் என்பது டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாள்தான். கம்பி மத்தாப்பு போன்ற சின்ன வகைகளை மட்டும் எப்போதும் கொளுத்தலாம்.

நம்ம கும்மி, கோயில், நோம்பி இதெல்லாம்?

ஹம் என்ற ஊரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர் எழுப்பியது, 2002ல் குடமுழுக்கு நடந்தது. கோடையின் தொடக்கத்தில் தேர் இழுப்பார்கள், ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். தீர்த்தவாரி பக்கத்திலுள்ள கப்பல் கால்வாயில் நடக்கும். தெற்கிலிருந்து வட்டார ரயிலில் போனால் ஒரு பகல் போய்விடும். போய்விட்டு வாருங்கள், அந்த நாதஸ்வரத்தைக் கேட்ட பிறகு மூன்று மாதம் தாங்கும்.

கும்மிக்கு நாமேதான் ஆள் சேர்க்க வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் கும்மி சொல்லிக்கொடுக்கும் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு இங்கே வள்ளி கும்மி ஆடத் தெரியாத பிள்ளைகள் குறைவு. கற்றுக்கொண்டு போங்கள், கால் சலங்கை பெட்டியில் பெரிய எடை இல்லை. ஆனால் மாடி வீட்டில் ஆடிவிடாதீர்கள். ஞாயிறு முழுக்கவும் மற்ற நாள் இரவு 10 மணிக்கு மேலும் அமைதி காக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். சங்கக் கூடமோ பூங்காவோ பாருங்கள்.

ஊர் சுற்றுவதை வீடியோ எடுத்துப் போட்டுக் காசு பார்க்கலாமா?

வீடியோ எடுக்கலாம். அடுத்தவர் முகம் தெளிவாகத் தெரிந்தால் அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. நம் ஊர்ச் சந்தையில் எடுப்பது போல அங்கே மூஞ்சிக்கு நேரே கேமராவை நீட்டினால் சண்டைக்கு வருவார்கள். கேமரா வைத்த ட்ரோன் என்றால் சின்னதாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும், காப்பீடும் கட்டாயம்.

காசு வேறு விஷயம். மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் சம்பள வேலை செய்யலாம். சொந்தத் தொழிலுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். வீடியோ வருமானம், வீட்டில் சமைத்து விற்பது, காசு வாங்கிப் பாட்டு சொல்லிக்கொடுப்பது எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

பக்கத்து நாடுகளுக்குப் போக விசா வேண்டுமா?

ஜெர்மன் வதிவிட அட்டை கையில் இருந்தால் ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்கு 90 நாள் வரை சுற்றலாம். சுவிட்சர்லாந்தும் இதில் சேரும், இங்கிலாந்து சேராது. அட்டையோடு பாஸ்போர்ட்டும் வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லையிலும் சோதனை வைத்திருக்கிறார்கள். அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் நேரத்தில் அலுவலகத்தைக் கேட்காமல் எல்லை தாண்டாதீர்கள்.

துபாய், சிங்கப்பூர் போகிறவர்களுக்கு?

எனக்குப் பழக்கமில்லாத இடங்கள், இரண்டு வரி மட்டும். அமீரகத்தில் 2022 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. அங்கேயும் கேட்காமல் ஆளைப் படம் எடுப்பது குற்றம். சிங்கப்பூரில் குறித்த இடத்தில் மட்டும்தான் தூண்டில், பூங்காவில் கூடாரம் போட அனுமதிச் சீட்டு.

நான் சுற்றுகிற படத்தை ஸ்டேட்டஸில் போட்டால் வீட்டில் திட்டுகிறார்கள். என்ன செய்ய?

"லோன் போட்டுப் படிக்க அனுப்புனா ஊர் சுத்தறான் பாரு" என்று பெரியப்பா அப்பாவிடம் சொல்வார், அப்பா உங்களிடம் சொல்வார். ஒரு யூரோவை நூறு ரூபாயாக மாற்றிப் பார்த்தால் அங்கே ஒரு காபிகூடக் குடிக்க முடியாது, ஆனால் ஊரில் இருப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். சம்பளமோ உதவித்தொகையோ வந்த அன்றைக்கே ஊர் சுற்ற என்று 30 யூரோவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதைப் பற்றி அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் படத்தை ஒளிக்கவில்லை, மாறாக எங்கள் அப்பாவுக்கு முதலில் அனுப்ப ஆரம்பித்தேன். ஒரு வருடம் வரை பதிலே இல்லை, இரண்டு நீலக் கோடு மட்டும் விழும். உல்ம் கோபுரத்தின் மேலிருந்து ஒரு படம் அனுப்பிய அன்று ராத்திரி அவரே போன் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்கு எத்தன படி?" என்றார்.